துணைக்கு வருவது நாயானாலும் பயண உரிமை பயணியுடையதே

(மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் குறித்துக் கட்சி உறுப்பினர்களுக்காக நடைபெற்ற பயிலரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

மாற்றுத்திறனாளிகளின் பயண உரிமை என்றவுடன் சாய்தளம், மின்தூக்கி, தாழ்தளப் பேருந்து, ஒலி அறிவிப்பு ஆகியவை நினைவுக்கு வருகின்றன. இவற்றுக்காக இடதுசாரி இயக்கமும் மாற்றுத்திறனாளிகளின் அமைப்புகளும் தெருவில் நின்று போராடியிருக்கின்றன. ஆனால் அதிகம் பேசப்படாத ஓர் உரிமை உண்டு. பயிற்சி பெற்ற உதவி நாயுடன் பேருந்திலும் ரயிலிலும் பயணம் செய்யும் உரிமை அது. "மனிதர் நிற்கவே இடமில்லாத நாட்டில் நாய்க்கு இடம் கேட்பதா?" என்ற கேள்வி உடனே எழும். அந்தக் கேள்வி இழிவானதன்று. முன்பதிவில்லாப் பெட்டியில் ஒற்றைக்காலில் நின்று ஊர் திரும்பும் உழைப்பாளியின் அனுபவத்திலிருந்து பிறப்பது. ஆகவே அதை ஒதுக்கிவிடாமல் முகம் கொடுத்துப் பதில் சொல்ல வேண்டும்.

உதவி நாய் செய்யும் வேலை

உதவி நாய் செல்லப்பிராணி அன்று. அது வேலைக்குப் பயிற்றப்பட்ட விலங்கு. பார்வையற்றவருக்கு வழிகாட்டும் நாய், நடைபாதையின் விளிம்பில் நிற்கும். குழியையும் கம்பத்தையும் விலக்கி நடத்தும். தலையில் இடிக்கும் உயரத்தில் தொங்கும் தடையையும் தவிர்க்கும். எங்கே செல்வது என்பதை முடிவு செய்பவர் மனிதரே. பாதுகாப்பாகச் செல்ல உதவுவதே நாயின் பணி. வண்டி வருகிறதென்றால், "நட" என்று சொன்னாலும் அது நடக்காது. ஆபத்தான ஆணைக்குக் கீழ்ப்படியாதிருப்பதும் அதன் பயிற்சியின் ஒரு பகுதியே. செவித்திறன் இழந்தவருக்கு ஒலியை உணர்த்தும் நாய்களும், சக்கர நாற்காலியில் இருப்பவருக்குப் பொருள்களை எடுத்துத் தரும் நாய்களும், வலிப்பு நோயாளிக்குத் துணை நிற்கும் நாய்களும் பல நாடுகளில் உள்ளன.

பேருந்திலோ ரயிலிலோ ஏறிய பின் இந்த நாய் என்ன செய்யும்? உரிமையாளரின் காலடியில் அல்லது இருக்கையின் கீழ்ப் படுத்துக்கொள்ளும். பிறரை முகர்ந்து பார்ப்பதோ, குரைப்பதோ, உணவுக்கு ஏங்குவதோ கூடாது என்பதற்காகவே அது நீண்ட காலம் பயிற்றப்படுகிறது. அதற்கென ஓர் இருக்கையை யாரும் கேட்கவில்லை. ஒரு நடுத்தரப் பயணப்பை பிடிக்கும் இடமே கேட்கப்படுகிறது.

ரயில்வேயின் விதியில் ஒளிந்திருக்கும் வர்க்கம்

இந்திய ரயில்வே, முற்றிலும் பார்வையற்ற பயணிக்குக் கட்டணச் சலுகை அளிக்கிறது. இரண்டாம் வகுப்பு, படுக்கை வசதி வகுப்பு, மூன்றடுக்கு ஏசி ஆகியவற்றில் 75 விழுக்காடு. ஏசி முதல் வகுப்பிலும் இரண்டடுக்கு ஏசியிலும் 50 விழுக்காடு. உடன் செல்லும் துணையாளர் ஒருவருக்கும் அதே சலுகை உண்டு. இது போராடிப் பாதுகாக்க வேண்டிய சலுகை.

இதே ரயில்வேயின் நாய்களைப் பற்றிய பொது விதியை இதன் அருகில் வைத்துப் பாருங்கள். பயணியுடன் நாய் செல்லக்கூடிய இடம் முதல் வகுப்பு மட்டுமே. அதுவும் தனி அறை கிடைத்தாலோ, உடன் பயணிப்போர் இசைந்தாலோதான். அவர்கள் மறுத்தால் நாய் கார்டு பெட்டிக்குப் போக வேண்டும். ஏசி படுக்கை வகுப்புகள், ஏசி சேர் கார், சாதாரணப் படுக்கை வசதி வகுப்பு, இரண்டாம் வகுப்பு ஆகியவற்றில் நாய்க்கு அனுமதி இல்லை. மீறிக் கொண்டுசென்றால் சரக்குக் கட்டணத்தைப் போல ஆறு மடங்கு வசூலிக்கப்படும். இவ்விதி செல்லப்பிராணியை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. ஆனால் பெட்டி வாசலில் நிற்கும் டிக்கெட் பரிசோதகரின் கையில் இருப்பது இதுவே.

இரண்டையும் சேர்த்துப் படித்தால் தெரிவது என்ன? துணைக்கு வருவது மனிதர் என்றால் கட்டணத்தில் முக்கால் பங்கு தள்ளுபடி. நாய் என்றால் ஆறு மடங்கு கட்டணம். ஏழைப் பார்வையற்றவர் செல்லக்கூடிய பெட்டியில் சலுகை அதிகம், ஆனால் அங்கே நாய்க்கு இடமில்லை. நாய்க்கு இடமுள்ள பெட்டியில் சலுகை பாதி, கட்டணமோ பன்மடங்கு. தன்னந்தனியாகப் பயணம் செய்யும் சுதந்திரம் ஏசி முதல் வகுப்புப் பயணச்சீட்டை வாங்க முடிந்தவருக்கே என்பதுதான் நடைமுறையில் இதன் பொருள். உதவி நாய் வசதி படைத்தோரின் பிரச்சினை என்று சொல்லப்படுவதுண்டு. வசதி படைத்தவருக்கு மட்டும் அதைச் சாத்தியமாக்குவது இத்தகைய விதியே என்பதை மறந்துவிடக் கூடாது.

இன்னொரு கோணமும் உண்டு. பார்வையற்றவர் எங்கு சென்றாலும் ஒரு மனிதத் துணை இருக்கும் என்று விதி எழுதியவர்கள் எண்ணிக்கொள்கிறார்கள். அந்தத் துணை யார்? பெரும்பாலும் தாய், மனைவி, சகோதரி அல்லது பள்ளிக்குப் போக வேண்டிய குழந்தை. விவசாயக் கூலிக் குடும்பத்தில் ஒருவர் மருத்துவமனைக்கோ நேர்முகத் தேர்வுக்கோ துணை சென்றால், அன்றைய கூலி போயிற்று. அரசு செய்ய வேண்டிய ஏற்பாட்டின் செலவைக் குடும்பத்துப் பெண்களின் ஊதியமற்ற உழைப்பு ஏற்கிறது. எனவே துணையில்லாமல் செல்லும் உரிமை, பார்வையற்றவரின் உரிமை மட்டுமல்ல; அவரைச் சுமக்கும்படி விடப்பட்ட குடும்பத்தின் உரிமையும் ஆகும்.

சட்டம் எங்கே நிற்கிறது

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை 2006 டிசம்பர் 13 அன்று ஏற்கப்பட்டது. இந்தியா 2007 அக்டோபர் 1 அன்று அதற்கு ஒப்புறுதி அளித்தது. உடன்படிக்கையின் 9ஆவது பிரிவு அணுகல் வசதியையும், 20ஆவது பிரிவு தனிநபரின் நடமாட்டத்தையும் பற்றியவை. கருவிகளோடு நில்லாமல், உயிருள்ள உதவிகளையும் தாங்கக்கூடிய செலவில் கிடைக்கச் செய்யுமாறு அவை உறுப்பு நாடுகளைப் பணிக்கின்றன.

அந்த உடன்படிக்கைக்கு ஏற்ப நாடாளுமன்றம் நிறைவேற்றியதே 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம். அது 2017 ஏப்ரல் 19 அன்று நடைமுறைக்கு வந்தது. பழைய சட்டத்தில் 7 ஆக இருந்த மாற்றுத்திறன் வகைகள் இதில் 21 ஆக விரிந்தன. 3ஆவது பிரிவு பாகுபாட்டைத் தடுக்கிறது. மிகையான சுமையாக அமையாத, தேவையான மாற்றங்களைச் செய்துதரும் நியாயமான ஏற்பாட்டுக் கடமையையும் சட்டம் வரையறுத்திருக்கிறது. 41ஆவது பிரிவு பேருந்து நிலையம், ரயில் நிலையம், விமான நிலையம் ஆகியவற்றோடு எல்லாப் போக்குவரத்து வகைகளையும் அணுகத்தக்கவையாக ஆக்குமாறு அரசைப் பணிக்கிறது. சட்டத்தை மீறினால் முதன்முறை 10,000 ரூபாய் வரையும், மீண்டும் மீறினால் 50,000 ரூபாய் முதல் 5 லட்சம் ரூபாய் வரையும் அபராதம் விதிக்க 89ஆவது பிரிவு இடமளிக்கிறது.

இவ்வளவு விரிவான சட்டத்தில் உதவி நாய் என்ற சொல் இல்லை. பாகுபாட்டுக்கு எதிரான பொதுக் கொள்கையிலிருந்து இந்த உரிமையை வாதாடிப் பெறலாம். ஆனால் நடைமேடையில் வண்டி நிற்பதோ சில நிமிடங்கள். அந்நேரத்தில் எந்தப் பயணியாலும் சட்ட வாதம் நடத்த இயலாது. உரிமை கையிலுள்ள விதிப்புத்தகத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

பொருளாதார ரீதியில் சாத்தியமா என்பது அரசு வழக்கமாக எழுப்பும் தடை. பழைய வாகனங்களை மாற்றியமைப்பது பற்றிப் பேசும் இடத்தில் 41ஆவது பிரிவும் அந்த நிபந்தனையைச் சேர்த்தே வைத்திருக்கிறது. சாய்தளம் கட்டவும் பெட்டியை மாற்றவும் பணம் வேண்டும். உதவி நாயை அனுமதிக்க எந்தப் பெட்டியையும் இடிக்க வேண்டியதில்லை. விதியில் ஒரு வாக்கியம் சேர்த்தால் போதும். ஒரு ரூபாய் கட்டுமானச் செலவில்லாத உரிமையையே தர மனமில்லாத அரசு, செலவுள்ள உரிமைகளைத் தானாகத் தருமா?

நீதிமன்றங்கள் வழியைச் சற்றுத் திறந்துள்ளன. பெருமூளை வாதம் உள்ள ஜீஜா கோஷ், 2012 பிப்ரவரியில் கொல்கத்தாவிலிருந்து கோவா செல்லவிருந்த விமானத்திலிருந்து இறக்கிவிடப்பட்டார். அவரது வழக்கில் உச்சநீதிமன்றம் 2016 மே 12 அன்று தீர்ப்பளித்து, 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்குமாறு ஆணையிட்டது. பயணியின் மாண்பைக் காப்பது கருணையன்று, உரிமை என்பதே அத்தீர்ப்பின் அடிநாதம். பின்னர் ராஜீவ் ரதுரி வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று வந்த தீர்ப்பு இன்னும் ஒரு படி மேலே சென்றது. அணுகல் நெறிமுறைகளை வெறும் பரிந்துரைகளாக வைத்திருக்கும் 15(1) விதி, மூலச் சட்டத்துக்கே முரணானது என்று உச்சநீதிமன்றம் கூறியது. கட்டாயமாகப் பின்பற்ற வேண்டிய விதிகளை மூன்று மாதங்களுக்குள் வகுக்குமாறு ஒன்றிய அரசுக்கு உத்தரவிட்டது. அந்தக் கட்டாய விதிகளில் உதவி நாய்க்கும் இடம் வேண்டும் என்பதே இன்றைய கோரிக்கையின் மையம்.

உரிமை தானாக வந்ததில்லை

முதல் உலகப் போரில் வெடிகுண்டாலும் நச்சு வாயுவாலும் கண்ணிழந்த சிப்பாய்களுக்காக, 1916இல் ஜெர்மனியின் ஓல்டன்பர்க் நகரில் வழிகாட்டி நாய்களுக்கான பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. ஏகாதிபத்தியப் போர் கண்களைப் பறித்தது. அதன் விளைவாக இந்தப் பயிற்சி முறைப்படுத்தப்பட்டது. 1928இல் அமெரிக்க இளைஞர் மோரிஸ் ஃபிராங்க், சுவிட்சர்லாந்தில் பயிற்சி பெற்ற படி என்ற நாயுடன் நாடு திரும்பினார். அடுத்த ஆண்டு அங்கே முதல் பயிற்சிப் பள்ளி உருவானது.

அவர் திரும்பியபோது அமெரிக்க ரயில்களும் உணவகங்களும் கதவைத் திறந்து வைத்துக் காத்திருக்கவில்லை. மறுக்கப்பட்ட இடங்களில் எல்லாம் வாதாட வேண்டியிருந்தது. 1935 வாக்கில்தான் அந்நாட்டு ரயில் நிறுவனங்கள் அனைத்தும் வழிகாட்டி நாயை உரிமையாளருடன் இருக்க அனுமதித்தன. எல்லா மாநிலங்களிலும் பொது இடங்களுக்கான உரிமைச் சட்டம் வர 1956 ஆயிற்று. 1990இல் மாற்றுத்திறனாளிகளுக்கான தேசியச் சட்டம் வந்தது. அதன்படி ஊழியர் இரண்டு கேள்விகளை மட்டுமே கேட்கலாம்: மாற்றுத்திறன் காரணமாகத் தேவைப்படும் நாயா, என்ன பணிக்குப் பயிற்றப்பட்டது? நோயின் விவரத்தையோ சான்றிதழையோ கேட்கக் கூடாது. முதலாளித்துவத்தின் தலைமை நாட்டிலும் இந்த உரிமை தானமாக வரவில்லை. பார்வையற்றோர் அமைப்பாகத் திரண்டு கேட்டதால் வந்தது.

எழும் எதிர்ப்புகள்

முதல் எதிர்ப்பு எண்ணிக்கையைப் பற்றியது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள். அவர்களுள் பார்வைக் குறைபாடு உள்ளோர் 50 லட்சத்துக்கு மேல். இவர்களுள் வழிகாட்டி நாய் வைத்திருப்போர் மிகச் சிலரே. சிலருக்காகச் சட்டமா என்று கேட்கலாம். பேருந்தில் ஏற்ற முடியாத, ரயிலில் கொண்டுபோக முடியாத, அலுவலக வாசலில் நிறுத்தப்படும் நாயை யார் வைத்துக்கொள்வார்? உரிமை இல்லாததால் பயனர் இல்லை. பயனர் இல்லாததால் பயிற்சிக் கூடங்கள் பெருகவில்லை. அவை பெருகாததால் உரிமை தேவையில்லை என்கிறார்கள். சாய்தளம் இல்லாத நூலகத்தில் சக்கர நாற்காலியைக் காண முடியாது. அதை வைத்து, சக்கர நாற்காலியில் வருவோருக்கு வாசிப்பில் ஆர்வமில்லை என்று முடிவு கட்டுவது போன்றது இது.

இரண்டாவது எதிர்ப்பு நாய்க்கடி பற்றிய அச்சம். வெறிநோய் இந்நாட்டில் உண்மையான ஆபத்து. அதற்கு அதிகம் பலியாவோர் ஏழைகளும் குழந்தைகளுமே. அந்த அச்சத்தைக் கேலி செய்யும் உரிமை யாருக்கும் இல்லை. ஆனால் தடுப்பூசி போடப்பட்டு, வார் பிடித்து, உரிமையாளரின் கையோடு இணைந்து நடக்கும் நாயும், கவனிப்பாரற்ற தெருநாயும் ஒன்றல்ல. தெருநாய்ச் சிக்கலால் வழிகாட்டி நாயும் பாதிக்கப்படுகிறது. வேலையில் இருக்கும் நாயைத் தெருநாய்கள் சூழ்ந்தால் அதை நம்பி நடப்பவரின் உயிருக்கே ஆபத்து. 2023ஆம் ஆண்டின் விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள், கருத்தடையையும் தடுப்பூசியையும் உள்ளாட்சி அமைப்புகளின் பொறுப்பாக்கியுள்ளன. அதற்கான நிதியையும் பணியாளர்களையும் கேட்டுப் போராடுவது இரு தரப்புக்கும் பொதுவான கடமை.

மூன்றாவது எதிர்ப்பு வெளிப்படையாகச் சொல்லப்படுவதில்லை. நாய் தீட்டு, அபசகுனம் என்ற எண்ணம் அது. பிறப்பின் பெயரால் மனிதரையே தீட்டென்று ஒதுக்கிய சமூகத்தில், விலங்கைத் தொடுவதும் தூய்மையின் அளவுகோலாவதில் வியப்பில்லை. உடன் பயணிப்போர் இசைந்தால் மட்டுமே என்ற நிபந்தனை, ஒருவரது உரிமையை மற்றவரின் மனச்சாய்வுக்கு அடகு வைக்கிறது. சக பயணிகளின் ஒப்புதலைப் பெற்றுத்தான் ஏற வேண்டும் என்றால் அது உரிமையாகாது.

நான்காவது எதிர்ப்பு நெரிசல். பெட்டியில் இடமில்லை என்பது உண்மைதான். ஆனால் அந்த நெரிசலை உண்டாக்கியது நாயன்று. சாதாரண மக்களின் தேவைக்கேற்பப் பெட்டிகளை இணைக்காத கொள்கையே. பொதுப் பெட்டிகளைக் கூட்டுவதற்கான போராட்டமும் இதுவும் ஒரே போராட்டத்தின் இரு முனைகள். ஏழைக்கு இடமில்லை என்பதைக் காட்டி மாற்றுத்திறனாளிக்கு இடம் மறுப்பது, உரிமையற்ற இருவரை மோதவிடும் பழைய தந்திரம்.

தொழிலாளிக்கு எதிரானதன்று

பேருந்தில் ஏற மறுக்கும்போது பயணியின் கண்ணெதிரே நிற்பவர் நடத்துநர். கோபம் அவர் மீது பாய்வது இயல்பு. ஆனால் அவருக்கு இது குறித்து எழுத்துப்பூர்வ உத்தரவு உண்டா? பயிற்சி உண்டா? அனுமதித்த பின் வேறொரு பயணி புகார் செய்தால் நிர்வாகம் அவருக்குத் துணை நிற்குமா? ஆட்பற்றாக்குறையிலும் ஒப்பந்த முறையிலும் அல்லல்படும் தொழிலாளி, தண்டனைக்கு அஞ்சி "முடியாது" என்ற பாதுகாப்பான பதிலைத் தேர்ந்துகொள்கிறார். தெளிவான விதி பயணிக்குக் கேடயம் என்றால், தொழிலாளிக்கும் அது கேடயமே.

தொழிலாளியின் உடல்நலமும் கணக்கில் வர வேண்டும். பிரிட்டனில் 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம், உதவி நாயுடன் வருவோரை ஏற்றிக்கொள்ளுமாறு டாக்ஸி ஓட்டுநரைக் கட்டாயப்படுத்துகிறது. கூடுதல் கட்டணமும் வாங்கக் கூடாது. அதே வேளையில், ஒவ்வாமை போன்ற மருத்துவக் காரணம் உள்ள ஓட்டுநருக்குச் சான்றின் பேரில் விலக்கும் அளிக்கிறது. சுமை தனியொரு தொழிலாளியின் தலையில் விழாமல், மாற்று ஏற்பாட்டை நிறுவனத்தின் பொறுப்பாக்க முடியும் என்பதற்கு இது சான்று.

உரிமை தவறாகப் பயன்படுத்தப்படும் ஆபத்தும் உண்டு. அமெரிக்காவில் மன ஆறுதலுக்கான விலங்கு என்று சொல்லிப் பலவகைப் பிராணிகள் விமானமேறிய பிறகு, 2020 டிசம்பரில் அந்நாட்டுப் போக்குவரத்துத் துறை விதியைத் திருத்தியது. மன ஆறுதல் விலங்குகளை உதவி விலங்குகளாக ஏற்க வேண்டிய கட்டாயம் விமான நிறுவனங்களுக்கு இனி இல்லை என்றது. குறிப்பிட்ட பணிக்குப் பயிற்றப்பட்ட நாய் என்ற வரையறையைத் தெளிவாக வைத்தால், செல்லப்பிராணி வளர்ப்போரின் வசதி மாற்றுத்திறனாளியின் உரிமையை விழுங்காது.

செய்ய வேண்டியவை

தோழர்களே, கோரிக்கைகள் தெளிவாக இருக்க வேண்டும்.

ஒன்று: அணுகல் வசதிக்கான கட்டாய விதிகளில் உதவி நாய் வரையறுக்கப்பட வேண்டும். ரயில், பேருந்து, மெட்ரோ, வாடகை வாகனம் என எல்லாவற்றிலும், எந்த வகுப்பிலும், கூடுதல் கட்டணமோ சக பயணியின் ஒப்புதலோ இல்லாமல் அனுமதி எழுதப்பட வேண்டும்.

இரண்டு: ரயில்வேயும் மாநிலப் போக்குவரத்துக் கழகங்களும் எழுத்துப்பூர்வமான சுற்றறிக்கை வெளியிட்டு, ஒப்பந்தத் தொழிலாளர் உட்பட எல்லா ஊழியருக்கும் பணி நேரத்தில் பயிற்சி தர வேண்டும்.

மூன்று: நாய்ப் பயிற்சியும் சான்றளிப்பும் வணிகமாகாமல் பொது நிதியில் நடைபெற வேண்டும், பயனாளிக்கு இலவசமாகக் கிடைக்க வேண்டும். இது இல்லாவிட்டால் முதல் கோரிக்கை பணக்காரருக்கே பயன்படும்.

நான்கு: வெண்கோலுடன் நடப்போருக்கான நடைபாதை, தொடு தளம், ஒலி அறிவிப்பு ஆகியவற்றின் நிதியிலிருந்து இதற்காக ஒரு காசும் எடுக்கப்படக் கூடாது. கோலா, நாயா, மனிதத் துணையா என்பதைத் தேர்ந்துகொள்ள வேண்டியவர் பயணியே; கருவூலம் அல்ல.

விதி மாறும் வரை காத்திராமல் செய்யக்கூடியவையும் உண்டு. பயணம் மறுக்கப்பட்டால் நாள், வண்டி எண், சொல்லப்பட்ட காரணம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளவும், ரயில்வேயின் 139 எண்ணில் புகார் பதியவும், மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடமோ தலைமை ஆணையரிடமோ முறையிடவும் கிளைகள் துணை நிற்க வேண்டும். போக்குவரத்துத் தொழிற்சங்கக் கூட்டங்களுக்குப் பார்வையற்ற தோழர்களை அழைத்து, அவர்கள் பேசுவதை ஊழியர்கள் நேரில் கேட்கச் செய்ய வேண்டும். வேலையில் இருக்கும் உதவி நாயைத் தடவுவதோ, கூப்பிடுவதோ, பிஸ்கட் கொடுப்பதோ கூடாது என்பதும், பேச வேண்டியதை நாயிடமன்றி மனிதரிடம் பேச வேண்டும் என்பதும் ஒவ்வொரு உறுப்பினரும் இன்றே கடைப்பிடிக்கக்கூடியவை.

நாடு முழுவதும் தடையின்றி நடமாடும் உரிமையை அரசமைப்புச் சட்டத்தின் 19ஆவது பிரிவு ஒவ்வொரு குடிமகனுக்கும் வழங்கியிருக்கிறது. பெட்டியின் வகுப்பைப் பார்த்தோ, துணை வருவது யாரென்று கேட்டோ அந்தப் பிரிவு பேசவில்லை. படுக்கை வசதிப் பெட்டியின் பயணச்சீட்டும் காலடியில் நாயுமாக ஒரு பார்வையற்ற தொழிலாளி, யாரிடமும் அனுமதி கேட்காமல் தன் ஊர் சென்று சேரும்போதுதான் அந்த எழுத்து உயிர்பெறும். அதற்கான போராட்டத்தில் கட்சி உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் பங்கு உண்டு.